டிக் டிக் என்று ஒரு பதில்

கணவாய்ச் சாலையின் பனிக்காவல் நிலையத்தில் சோனுனுக்குப் பெயர் இல்லை. ஊதியப் பட்டியலில் இருந்தது. எங்கள் வாயில் இல்லை. நிலையத் தலைவர் ஒரோஸ் முதல் உலைக்குக் கரி அள்ளுபவன் வரை எல்லாரும் அவளைக் 'கெலின்' என்றே அழைத்தோம். வீட்டுக்கு வந்த மருமகளை ஊர் அழைக்கும் சொல் அது. வீட்டில் அது அன்பாகவும் இருக்கலாம். வயர்லெஸ் கருவியின் முன் அமர்ந்து, சரியக் காத்திருக்கும் பனிக்கு அடியில் வண்டிகளை நடத்துகிறவளை அப்படி அழைப்பது, அவள் அமர்ந்திருக்கும் நாற்காலியை உருவுவதற்குச் சமம். இதை இன்று எழுதுகிறேன். அன்று நானும் அப்படித்தான் அழைத்தேன்.

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றபின், நாளுக்கு மூன்று முறை பனியின் ஆழத்தையும் காற்றின் விசையையும் அளந்து எழுதும் வேலை எனக்கு அங்கே கிடைத்திருந்தது. எங்களிடம் பனி தள்ளும் வண்டிகள் இரண்டு இருந்தன. இரண்டாம் எண் வண்டியைச் சம்சாலி எட்டு ஆண்டுகளாக ஓட்டிவந்தார். ஐந்தாம் எண் வண்டி கெனேஷுடையது. சம்சாலி சோனுனுக்கு மூத்தார், கணவனின் அண்ணன். அவள் கணவன் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். ஆகவே அந்த வீட்டின் சுமையும் அவளுடைய இரு பிள்ளைகளின் பசியும் சம்சாலியின் தோளில்தான் இருந்தன. கணவனுக்கு மூத்த ஆண்களின் பெயரை மருமகள் உச்சரிப்பது எங்களிடையே வழக்கமில்லை. சோனுன் அவரை 'இரண்டாம் வண்டி' என்றே அழைத்தாள். யாருக்கும் அதில் குறை தோன்றவில்லை.

அழைப்பு வந்தால் ஓட்டுநர் தம் பெயர், வண்டி எண், நிற்கும் இடம் ஆகிய மூன்றையும் வாயால் சொல்ல வேண்டும். வண்டி மாறினால் உடனே தெரிவிக்க வேண்டும். இவ்விதி சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. ஒரோஸ் அழைத்தால் சொன்னார்கள். சோனுன் அழைத்தால் மைக்கின் பொத்தானை இருமுறை அழுத்தினார்கள். டிக், டிக். கேட்டாயிற்று என்று பொருள். அதற்கு மேல் அவளுக்கு எதற்கு என்றும் பொருள்.

ஜனவரியில் ஒருநாள், எல்லாரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது அவள் வாய் திறந்தாள்.

"டிக்குன்னு வந்தா யாரு அழுத்துனதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? வாயால சொல்லுங்களேன்."

கெனேஷ் பொரித்த ரொட்டியை மென்றபடியே சொன்னான். "நாங்க வாயால சொல்றது இருக்கட்டும் கெலின். நீ முதல்ல உன் மூத்தாரு பேர வாயால சொல்லு, பாப்போம்!"

அறை அதிரச் சிரித்தார்கள். சம்சாலி சிரிக்கவில்லை, ஆனால் கெனேஷை அடக்கவுமில்லை. கிண்ணத்தை அவள் பக்கமாக நகர்த்தி, "டீ ஆறிப்போச்சு" என்றார். அவள் எழுந்து சென்று சூடாக ஊற்றினாள். நான் சிரித்தேனா என்று கேட்டால், சிரித்தேன்.

பிப்ரவரியில் மூன்று நாள் ஓயாமல் பனி கொட்டியது. நான்காம் நாள் தெற்குக் காற்று வீசி, வெயில் சுட்டது. பகல் ஒரு மணிக்கு நான் நிலையத்தின் பின்சரிவில் அளவுகோலை இறக்கியபோது, முழங்கை ஆழத்துக்குக் கீழே தடை ஏதுமின்றி அது பொசுக்கென்று உள்ளே போயிற்று. அதே கணத்தில் என் காலடியில், பெரிய விலங்கொன்று மூச்சு விட்டதைப்போல, 'ஹூம்' என்று ஓர் ஒலி எழுந்து மலை மேல் ஓடியது. பனியின் அடித்தளம் அறுந்துவிட்டால் வரும் ஒலி அது. அளவுகோலை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன்.

ஒரோஸ் கீழ்வாயிலில் லாரிகளைத் தடுத்து நிறுத்திக்கொண்டிருந்தார். நான் சொன்னதும் சோனுன் அவருக்குப் போன் செய்தாள். அவர் இரைந்து பேசியது எனக்கும் கேட்டது.

"சம்சாலிய மூணாம் பள்ளத்துக்கு முன்னாடியே நிப்பாட்டு! கெனேஷ் பள்ளத்தைத் தாண்டிக் கீழதான இருக்கான், அவன் பாட்டுக்கு எறங்கி வரட்டும்."

அவள் மைக்கை எடுத்தாள். "இரண்டாம் வண்டி, மூணாம் பள்ளத்துக்கு முன்னாடியே நின்னுடுங்க. எறங்காதீங்க."

டிக், டிக்.

"ஐந்தாம் வண்டி, எறங்கி வரலாம்."

டிக், டிக்.

அவள் பதிவேட்டில் நேரத்தை எழுதினாள். ஒன்று இருபத்தெட்டு. நான் சன்னலுக்குச் சென்று தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தேன். எதிர்ச்சரிவின் பனி சரிந்தால் சாலையில் வந்து விழும் மூன்றாம் பள்ளம் நேரெதிரே தெரிந்தது. அதற்கு மேல், சாலை வளையும் இடத்தில், செம்மஞ்சள் நிற வண்டி நின்றுகொண்டிருந்தது. நான் பார்க்கப் பார்க்க அது அசைந்தது, இறங்கத் தொடங்கியது.

"மேல இருக்குற வண்டி நிக்கலையேம்மா."

"நின்னாச்சு வாத்தியாரய்யா. பதில் வந்துச்சே."

வண்டி வளைவில் திரும்பியது. பக்கவாட்டில் எழுதியிருந்த எண் என் கண்ணில் பட்டது.

"அது ரெண்டு இல்ல. அஞ்சு."

அவள் போனைச் சுழற்றினாள். ஒரோஸின் குரல் வந்தது. "காலையிலயே மாத்திக்கிட்டாங்களேம்மா! கெனேஷுக்குக் காய்ச்சல். அஞ்சுல ஹீட்டர் ஓடல. சம்சாலி தன் வண்டிய அவனுக்குக் குடுத்துட்டு அஞ்ச எடுத்துக்கிட்டாரு. உனக்கு யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. எந்த இருக்கையில் யார் அமர்கிறார் என்பதைத் தம்பி மனைவியிடமா தெரிவிப்பது என்று சம்சாலி எண்ணியிருக்க வேண்டும். ஒரோஸ் எண்ணவே இல்லை. நோயுற்ற தோழனுக்குத் தம் கதகதப்பைக் கொடுக்கத் தெரிந்த மனிதருக்கு, அதை ஒரு வரியில் தெரிவிக்கத் தெரியவில்லை. அவளோ தன் குரலாலேயே அவரைச் சாவை நோக்கி இறங்கச் சொல்லியிருந்தாள்.

சரிவின் மேல்விளிம்பில் முடியளவு மெல்லிய வெடிப்புக் கோடொன்று தோன்றியிருந்தது. காலையில் அது இல்லை.

"ஐந்தாம் வண்டி, நில்..."

டிக், டிக். அவள் சொல்லி முடிக்குமுன்பே பதில் வந்துவிட்டது.

ஆனால் வண்டி நிற்கவில்லை. நான்கு குளிர்காலங்களாக ஐந்தாம் எண்ணுக்குப் பதில் அழுத்திப் பழகியவன் கெனேஷ். பாதுகாப்பான இடத்தில், காய்ச்சல் மயக்கத்தில், பழக்கத்தால் அவன் விரல் அழுத்திற்று. முதலில் இரண்டாம் எண்ணுக்கு வந்த பதிலும், சொன்னதைக் கவனிக்காமல் அவன் அழுத்தியதுதான். இருவர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் மூன்றாமவருக்கு வெறும் இரைச்சலே கேட்கும். மேலே சம்சாலிக்குக் கேட்டது அந்த இரைச்சல்தான். இதைப் பின்னரே அறிந்தோம். அப்போது எங்களுக்குத் தெரிந்தது ஒன்றே: அந்த எண் இப்போது இரண்டு ஆண்களுக்கு உரியது, அதை எத்தனை முறை கூவினாலும் பயனில்லை.

வண்டிக்கும் பள்ளத்துக்கும் இடையே இருநூறு அடி இருக்கும்.

நான் மைக்கைப் பிடுங்கக் கை நீட்டினேன். பெயரைச் சொல்ல எனக்குத் தடையில்லை அல்லவா? அவள் என் கையைத் தட்டிவிட்டாள். உதடுகள் இருமுறை அசைந்தன; ஒலி வரவில்லை. மூன்றாம் முறை வந்தது.

"சம்சாலி!"

அறையில் ஏதோ உடைந்ததுபோல் இருந்தது.

"சம்சாலி, நில்லுங்க! நீங்கதான், சம்சாலி! வண்டிய நிப்பாட்டுங்க! பின்னால எடுங்க!"

எந்தப் பொத்தானும் ஒலிக்கவில்லை. கீழே கெனேஷ் விரலை எடுத்துவிட்டு வாய் பிளந்து அமர்ந்திருந்தானாம். தொலைநோக்கியில் வண்டியின் மூக்கு குலுங்கி நிற்பதைக் கண்டேன். பின்விளக்கு எரிந்தது. ஒரு வண்டி நீளம் பின்வாங்கியது, இன்னொரு நீளம். பிறகு அந்தக் கோடு வாயைப்போல் திறந்தது. சரிவு முழுவதும் ஓசையின்றி நழுவியது. ஓசை பின்னர் வந்து சன்னல் கண்ணாடியை உலுக்கியது. வெண்புகை எழுந்து பள்ளத்தையும் சாலையையும் வண்டியையும் மூடியது.

"சம்சாலி, கேக்குதா?"

இரைச்சல்.

"சம்சாலி, பதில் சொல்லுங்க."

இரைச்சல். போனில் ஒரோஸ் ஏதேதோ கத்திக்கொண்டிருந்தார். அவள் அதை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். அந்த வீட்டுக்கு யார் போய்ச் சொல்வது, அவருடைய வயதான தாயிடம் எந்தச் சொல்லில் தொடங்குவது என்று என் மனம், நான் வேண்டாமலே, சொற்களைத் தேடத் தொடங்கிவிட்டது.

டிக், டிக்.

நான் நாற்காலியில் விழுந்தேன். சோனுன் விழவில்லை. மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"டிக் போதாது. யாரு, எந்த வண்டி, எங்க இருக்கீங்க? வாயால சொல்லணும்."

மூச்சு வாங்கும் ஒலி கேட்டது. பிறகு, கரகரத்த குரல்.

"சோனுன்... சம்சாலி பேசுறேன். அஞ்சாம் வண்டி. பள்ளத்துக்கு மேல்பக்கம். கண்ணாடி மேல எல்லாம் பனி, ஒண்ணும் தெரியல. ஆனா நான் இருக்கேன். காலையில சொல்லியிருக்கணும். சொல்லல."

"எறங்காதீங்க. கதவத் தெறக்காதீங்க. மேல இன்னும் பாதி சரியாம நிக்குது," என்றாள் அவள். "இரண்டாம் வண்டி, யாரு இருக்கீங்க?"

டிக். ஒரே ஒரு டிக், பாதியில் நின்றது. அடுத்து அவசரமாகச் சொற்கள். "கெனேஷ்! ரெண்டாம் வண்டி! கீழ, பாலத்துக்கிட்ட!"

அவள் மூன்றையும் பதிவேட்டில் எழுதினாள். எழுத்துகள் கோணல்மாணலாக விழுந்தன. என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"மேல எவ்வளவு பனி நிக்குது வாத்தியாரய்யா? அளவு சொல்லுங்க."

எதிர்ச்சரிவின் பனியையும் பின்சரிவின் அளவைக் கொண்டே கணிப்போம்; அளவுகோல் அங்கே, நான் விட்டு வந்த இடத்திலேயே நின்றது. மீண்டும் அங்கே போக வேண்டும். கம்பளித் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன், சோனுன்," என்றேன்.

வெளியே காற்று இன்னும் தெற்கிலிருந்தே வீசிக்கொண்டிருந்தது.