பச்சை ஸ்டிக்கர்

எனக்கு எதிலும் சந்தேகம்தான். பால் பாக்கெட்டில் தேதி பார்க்காமல் கத்தரிக்கோலைத் தொட மாட்டேன். ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி செக்கிங் வேலை. சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளமே.

அதனால்தான், பென்னலூர் ரூமில் என்னோடு தங்கியிருந்த மாரிசெல்வி போனை நீட்டி, “யக்கா, இந்த வெப்சைட்டை நம்பலாமா? நீ சரின்னா சரி” என்றாள்.

அவளும் அதே கம்பெனியில்தான், லைனுக்குப் புதுசு. அவளுக்குச் சின்னக் கால். கம்பெனி தரும் சேஃப்டி ஷூ ஆறாம் நம்பருக்குக் கீழே கிடையாது. இரண்டு சாக்ஸ் போட்டும் கழன்று, லைனில் இரண்டு தடவை விழுந்துவிட்டாள்.

“இன்னாம்மா, ஒழுங்கா நடக்கவே தெர்ல, உன்ன எப்டி கன்ஃபார்ம் பண்றது? திங்கக்கெழம சரியான ஷூ போட்டுகினு வா. இல்லாட்டி ஊருக்குக் கெளம்பு” என்று சூப்பர்வைசர் நரசிம்மன் சொல்லிவிட்டார்.

அந்த வெப்சைட்டில் மட்டும்தான் நாலாம் நம்பர் இருந்தது. கேள்விப்படாத பெயர். ஐந்து நட்சத்திரப் பாராட்டையெல்லாம் நான் சீண்டவே இல்லை. “கூலிக்கு எழுதுவானுவட்டி” என்றேன். பொருள் கைக்கு வந்ததும் பணம் தந்தால் போதும் என்றிருந்ததையும் நம்பவில்லை. கடைசியில் பெட்டியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் பச்சை ஸ்டிக்கர். நடுவில் ‘ஓகே’, கீழே செக் செய்தவரின் கிறுக்கல் கையெழுத்து. எங்கள் லைனில் நான் ஒட்டுவது போலவே இருந்தது. மனசு இளகிவிட்டது.

“ஒருத்தி பாத்து கையெழுத்துப் போட்டிருக்கா. வாங்கு.”

சனிக்கிழமை கூரியர்காரர் வந்தார். பணம் கொடுத்த பிறகுதான் பெட்டியைப் பிரிக்கலாம் என்றார். ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்துவிட்டு, நான்தான் “குடுத்துருட்டி” என்றேன்.

நாலாம் நம்பர்தான். ஆனால் இரண்டும் இடது கால்.

மாரிசெல்வி ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். அளவு கச்சிதம். மற்றதை வலது காலில் திருப்பித் திருப்பி நுழைத்தாள். வெப்சைட் நம்பருக்கு அடித்தால் எடுக்க ஆளில்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“கையெழுத்துப் போட்டவ வெளங்குவாளா?” என்று கத்தினேன்.

அவள் அழவில்லை. “தெறந்தே பாத்திருக்க மாட்டாளோக்கா? முன்னாலயே கையெழுத்துப் போட்டு வச்சிருப்பாளோ?” என்றாள்.

வெட்கத்தில் முகம் எரிந்தது. என் யூனிஃபார்ம் கோட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை ஷிஃப்டுக்கென்று நான் கையெழுத்துப் போட்டு முடித்த இரண்டு தாள் பச்சை ஸ்டிக்கர் அதன் பையில் இருந்தது.