புகை குடித்த லாண்ட்மாஸ்டர்

காஸும் டீசலும் இல்லாமற்போன ஆண்டின் மே மாதம் பதினாறாம் திகதி, திங்கட்கிழமை காலை எட்டு மணியிலிருந்து, வந்தாறுமூலையில் எந்த வீட்டு அடுப்புப் புகையும் மேலே போகவில்லை. கூரையைத் தாண்டியதும் இறங்கி, வேலிக்கு மேலால் விழுந்து, முழங்கால் உயரத்தில் தெருவோடு நகர்ந்து ரதீசின் பட்டறைக்குள் போனது. தெருவின் இடப்பக்கமாகவே போனது. ரயில் கடவை மூடியிருந்தால் நின்று, திறந்த பிறகு போனது. மறுநாள் சித்தாண்டிப் புகையும் அதற்கடுத்த நாள் ஏறாவூர்ப் புகையும் வந்து சேர்ந்தன. பிரதான வீதியில் பஸ்காரர்கள் ஹோன் அடித்து அதை ஒதுங்கச் சொன்னார்கள். அது ஒதுங்கியது.

ரதீசுக்கு நாற்பத்திரண்டு வயது. பழுதான சிறு எஞ்சின்களைத் திருத்துவது அவன் தொழில்; பழுதாகாத எஞ்சினையும் கழற்றிப் பார்ப்பது அவன் குணம். அக்கா பாலசுந்தரியின் லாண்ட்மாஸ்டர் தை மாதம் வரை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து ஓட்டுகிற இரண்டு சில்லு உழவு மெசின் அது. எந்தக் கம்பனி செய்திருந்தாலும் இந்தப் பக்கத்தில் அதற்கு லாண்ட்மாஸ்டர் என்றுதான் பெயர். ஐம்பது வருடத்து மெசின் என்பதால், "ரெண்டு கிழமைக்குத் தா அக்கா, கம்பனியால வந்தாப்போல ஆக்கித் தாறன்" என்று கேட்டு வாங்கிப் போனான். மாசியில் அது இருநூற்றுப் பதினான்கு துண்டுகளாக உரப்பைகளின் மேல் கிடந்தது. எஞ்சினைத் திருத்துவது பத்து நாள் வேலை. பிஸ்டனின் வளையங்களை மாற்றினான், டீசலைப் பீச்சும் நொசிலை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தான், வால்வுகளை அரைத்து இருத்தினான். மற்ற நாட்களெல்லாம் அழகுக்குப் போயின. பெயர்த் தகட்டைக் கழற்றியபோது அடியில் வெயில் படாத அசல் செம்மஞ்சள் நிறம் விரற்கடை அளவு இருந்தது; அதே நிறத்தைக் கலந்து எடுக்கவே மூன்று கிழமை பிடித்தது. மெசினில் இல்லாத முன் பம்பர், வாழைச்சேனையில் ஒரு தோணிக்கு நங்கூரமாகக் கிடந்தது. தோணிக்காரருக்குப் புது நங்கூரம் ஒன்று வாங்கிக் கொடுத்து அதைக் கழற்றிக்கொண்டு வந்து, பிள்ளையைத் துவட்டுவது போலத் துவட்டினான்.

இதற்கிடையில் சிறுபோகம் வந்துவிட்டது. குளத்துக்குக் கீழே உள்ள கொக்குமடு வட்டையின் வயல்காரர்கள் கூடிப் பேசி, விதைப்புக்குக் கடைசி நாள் மே இருபது, வெள்ளிக்கிழமை என்று முடிவெடுத்தார்கள். அந்த நாளைத் தவறவிட்ட வயலுக்குக் குளத்துத் தண்ணீர் கிடையாது, உரம் கிடையாது. அதைப் பார்த்து எழுதுகிற பொறுப்பு வட்டை விதானை கதிர்காமத்தம்பியுடையது. சொந்தத் தம்பியின் வயலையே ஒருமுறை பட்டியலிலிருந்து வெட்டிவிட்டவர் அவர். பாலசுந்தரிக்கு அந்த வட்டையில் மூன்று ஏக்கர். வருடச் சோறு அதுதான். கூலிக்கு உழுகிற பெரிய டிரக்டர்கள் எல்லாம் டீசல் வரிசையில் நின்றன. பாலசுந்தரி விதைநெல்லை ஊறப்போட்டுவிட்டு, பதினாறாம் திகதி விடியவே பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

மெசினைப் பூட்டி முடித்த ரதீசிடம் அரைப் போத்தல் டீசல்தான் இருந்தது. டீசல் எஞ்சினை இயக்க இரண்டு பேர் நல்லது. ஒருவர் ஹேண்டிலைச் சுற்றுவார். மற்றவர் மேலே உள்ள சிறு நெம்பைப் பிடித்திருப்பார். அது பிடிபட்டிருக்கும் வரை எஞ்சினுக்குள் காற்று இறுகாது, சுற்றுவது இலேசாக இருக்கும். எஞ்சினோடு சுழலும் பாரச் சில்லு நல்ல வேகம் எடுத்த பிறகு நெம்பை விட வேண்டும். ரதீஸ் சுற்றிக்கொண்டே, "அக்கா, நான் சொன்னாப்பொறகு விடு" என்றான்.

"நாலு மாசமா நீ சொன்னதக் கேட்டுத்தானே இந்தக் கெதியில நிக்கிறன்!" என்று பாலசுந்தரி கையை வீசினாள். வீசிய கை நெம்பைப் பிடித்திருந்த கை.

நடந்தது இதுதான். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. அது காற்றை இறுக்கு இறுக்கென்று இறுக்கும்; இறுகிய காற்று கொதிக்கும்; அதில் டீசல் விழுந்தால் தானாகவே பற்றும். சில்லுக்கு வேகம் போதாவிட்டால் பிஸ்டனால் உச்சியைத் தாண்ட முடியாது. சுவரில் எறிந்த பந்து போல வந்த வழியே திரும்பும். அந்த நேரம் பார்த்து டீசல் பற்றிவிட்டால் எஞ்சின் எதிர்ப்பக்கமாக ஓடத் தொடங்கும். காற்றை இழுக்க வேண்டிய வாயால் புகையைத் தள்ளும், புகையைத் தள்ள வேண்டிய குழாயால் காற்றை இழுக்கும். பழைய எஞ்சின் திருத்துகிறவர்கள் எல்லாரும் இதை ஒருமுறையாவது கண்டிருப்பார்கள்.

"அக்கா, மறுவளமாக் கிறுகுது!" என்று ரதீஸ் சந்தோசத்தில் கத்தினான்.

"கிறுகட்டும். வட்டைக்குப் போகுமா?"

அவன் டீசல் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கத் தாங்கியின் மூடியைத் திறந்தான். ஊற்றியது அரைப் போத்தல்; உள்ளே முக்கால் போத்தல் இருந்தது. திரும்பிப் பார்த்தால், பக்கத்து வீட்டு அடுப்புப் புகை வேலிக்குள்ளால் நுழைந்து குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. ரதீஸ் கொஞ்சம் யோசித்தான். நேராக ஓடும் எஞ்சின் டீசலைக் குடித்துப் புகையைத் தருகிறது. மறுவளமாக ஓடுவது புகையைக் குடித்து டீசலைத் தருவதில் பிழை ஒன்றும் இருப்பதாக அவனுக்குத் தெரியவில்லை.

காஸ் இல்லாத காலமென்பதால் எல்லா வீட்டிலும் விறகடுப்புதான் எரிந்தது, புகைக்குக் குறைவில்லை. சிரட்டைப் புகையில் தெளிவான டீசல் வந்தது. கருவாடு சுட்ட புகையில் வந்த டீசலுக்குப் பூனைகள் கூடின. சாம்பிராணிப் புகை போனால் எஞ்சின் வேகத்தைக் குறைத்து மரியாதையாக ஓடியது. பீடிப் புகைக்கு இருமியது.

புதன்கிழமை காலை, விறகுப் போறணையில் பாண் சுடுகிற ஏறாவூர் பேக்கரிக்காரர் முகைதீன்பாவா சைக்கிளில் தன் புகையின் பின்னாலேயே வந்து இறங்கினார்.

"தம்பி, எண்ட போறணைப் பொகை இஞ்சயா வந்த?"

"உங்கட புகை எது காக்கா?"

"பாண் மணக்கிறது."

"அது இப்பதான் ஒரு கோப்பை டீசலாப் போயிற்று."

முகைதீன்பாவா குழாயைக் குனிந்து பார்த்தார். கோபிக்கத்தான் வந்திருந்தார். ஆனால் புகை இழுபட்டால் அந்த இடத்துக்குப் புதுக் காற்று வரும், காற்று வந்தால் நெருப்பு எழும்பும். அதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "பாண் அரை மணித்தியாலம் சுறுக்கா வேகுது. நாளைக்கும் இழுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டீசலுக்கு ஆட்கள் பிளாஸ்டிக் கானோடு வந்ததும் உண்மைதான். பெரிய டிரக்டர் வைத்திருந்த நிதுர்ஷன் முதலில் வாங்கி ஊற்றினான். அவன் முன் கியர் போட, டிரக்டர் பின்னால் போய் மதகில் ஏறி நின்றது. மறுவளமாகப் பிறந்த டீசல் எந்த எஞ்சினுக்குள் போனாலும் மறுவளமாகத்தான் ஓடியது. ரிவர்ஸ் கியரில் முன்னால் போகப் பார்த்தான். அரை ஏக்கர் முடிவதற்குள் தண்ணீர் கொதித்துவிட்டது. கான்கள் திரும்பிப் போயின.

லாண்ட்மாஸ்டரும் அப்படித்தான். எந்த முன் கியரிலும் பின்னால் போனது. பின்னால் போகிற மெசினின் பின்புறத்தில் பூட்டிய கலப்பை உழாது. ரிவர்ஸ் கியரில் முன்னால் போகும், ஆனால் ஊர்ந்துதான் போகும்; அப்படி மூன்று ஏக்கர் உழ எட்டு நாள் வேண்டும். வெள்ளிக்கு இரண்டு நாள் இருந்தது. பாலசுந்தரி மெசினை ஒருமுறை சுற்றி வந்து பம்பரைத் தட்டினாள்.

"கலப்பைய இதில பூட்டு. பின்னால போறதுக்கு இதுதானே வால்."

ரதீசுக்கு முகம் செத்துவிட்டது. "இதில ஓட்டை போடுறதா? அக்கா, இது அசல் பம்பர். இலங்கைக்கே இப்பிடி ஒண்டு இருக்கோ தெரியா."

"நங்கூரமாக் கிடந்ததுக்கு இவ்வளவு மரியாதையா?"

"நங்கூரமாக் கிடந்தும் ஓட்டை விழல்லையே!"

"ரதீசு, வெள்ளிக்கிழமை விதைக்காட்டி உண்ட பம்பரையா நான் ஆக்கித் திங்கிற?"

அன்று கரண்ட் வெட்டு. மின்துறப்பணம் ஓடாது என்ற ஆறுதலில் ரதீஸ் கொஞ்சம் மூச்சு விட்டான். பாலசுந்தரி அலுமாரிக்குப் பின்னால் தேடிக் கையால் சுற்றும் துறப்பணத்தை எடுத்து நீட்டினாள். அவன் பம்பரைப் பார்த்தான். அக்காவின் கையைப் பார்த்தான். ஊறிய விதைநெல்லைக் கிளறிய கை, நகத்தில் முளை ஒட்டியிருந்தது. துறப்பணத்தை வாங்கி, முதலாவது ஓட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டான். அதனால் அது கொஞ்சம் சரிவு. இரண்டாவது நேர்.

வியாழன் விடியலில் வட்டையில் இறங்கினார்கள். பாலசுந்தரி மெசினுக்கு முதுகைக் காட்டி, கைகளைப் பின்னால் நீட்டிப் பிடியைப் பிடித்து, கைவண்டி இழுப்பவளைப் போல முன்னால் நடந்தாள். மெசின் அவளுக்குப் பின்னே குண்டி முன்னாக வந்தது. அதற்கும் பின்னே ரதீஸ் கலப்பையை அழுத்திக்கொண்டு போனான். ஓட்டைகள் விரிகின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொண்டு போனான். மூன்று ஊர்ப் புகை வரம்பு மிதிக்காமல் வாய்க்கால் வழியே வரிசையாக வந்தது. சமையல் முடிந்து புகை மெலிந்த பத்து மணிக்கு எஞ்சின் திணறியபோது, பக்கத்து வயற்காரிகள் வரம்பில் ஈரமட்டையைப் போட்டு மூட்டிக் கொடுத்தார்கள்.

வெள்ளி பின்னேரம் மூன்று மணிக்குக் கடைசிப் பிடி நெல்லும் விழுந்தது. கதிர்காமத்தம்பி கொப்பியோடு வரம்பில் வந்து நின்றார்.

"மெசின் பின்னாலயா போற?"

"ஓம் விதானை" என்றாள் பாலசுந்தரி.

"மண் புரண்டதா?"

"பாருங்களன்."

அவர் இறங்கி, குதிகாலால் இரண்டு இடத்தில் மிதித்துப் பார்த்தார். "அப்ப விதைச்சாச்சு" என்று எழுதினார்.

அந்தப் போகத்தில் பாலசுந்தரிக்கு ஏக்கருக்கு இருபத்திரண்டு மூடை கண்டது. அடுத்த வயல்களிலும் அவ்வளவுதான். ரதீஸ் ஓட்டைகளின் விளிம்புக்கு அசல் செம்மஞ்சளைப் பூசினான். அடுத்து வந்த பெரும்போகத்துக்கான வட்டைக் கூட்டத்தில் நான்கு தீர்மானங்கள் நிறைவேறின. வாய்க்கால் துப்புரவு செய்யும் நாள், மாடுகளை வெளியேற்றும் நாள், விதைப்பின் கடைசி நாள் ஆகியவை முதல் மூன்று. பாலசுந்தரியின் மெசின் வட்டையில் நிற்கும் நாட்களில் வீட்டுக்கு ஒரு அடுப்பு காலை பத்து மணி தாண்டியும் எரிய வேண்டும் என்பது நான்காவது. அந்நேரம் சிரட்டையா மட்டையா என்று ஒருவர் கேட்டார். அது அவரவர் வசதி என்று விதானை சொன்னார். பிறகு யானை வேலி பற்றிப் பேசினார்கள்.