கை வைத்த இன்ஜின்

பெரிய மாடல் ரயில் இன்ஜின்களை மலிவாக வாங்க நினைப்பவன் முதலில் பழக வேண்டியது, வேண்டியதைப் பார்க்காமல் வேண்டாததைப் பார்ப்பது. மேசைமேல் நாலு இன்ஜின் இருந்தால், மனசு போன இன்ஜினுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். மற்றதையெல்லாம் சாவகாசமாகப் புரட்டிவிட்டு, கிளம்பும்போது, போனால் போகிறது என்று அதைத் தொட வேண்டும். தொட்டதும் குறை சொல்ல வேண்டும்.

குறை சொல்வதில் கண்ணாடிக்காரரை மிஞ்ச ஆள் கிடையாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவருக்கு. நாள் முழுக்கக் கீறல் தேடிப் பழகிய கண். முழங்கை நீளமும் கைக்குழந்தைக் கனமும் உள்ள இன்ஜினை மடியில் மல்லாத்திப் போட்டுப் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டாரென்றால், சக்கரத்தின் முலாம் தேய்ந்து பித்தளை எட்டிப் பார்க்கிற இடத்தை வைத்தே அது எவ்வளவு ஓடிக் களைத்தது என்று சொல்லிவிடுவார். முகர்ந்து பார்த்தே மோட்டார் கருகியதா இல்லையா என்று சொல்வார். பெட்டி இல்லையா, அதற்கொரு குறைப்பு. விளக்கு எரியவில்லையா, அதற்கொன்று. மாடல் ரயில்காரர்கள் நடுவில் அவருக்கு நொட்டையார் என்றே பெயர். அதில் அவருக்கு வருத்தமில்லை. தான் பொய் சொல்கிறவன் இல்லை என்பது அவர் நினைப்பு. இருக்கிற குறையைச் சொல்வார், இருக்கிற நிறையைச் சொல்லாமல் விடுவார். அவ்வளவுதான்.

இன்னொரு விதியும் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒரு வீட்டிலிருந்து பெரிய இன்ஜின்கள் மொத்தமாக விலைக்கு வருகின்றன என்றால் அவற்றை ஓட்டியவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். உயிரோடு இருப்பவன் ஒன்றை விற்பான், இன்னொன்றை வாங்குவதற்காக. மொத்தத்தையும் விற்க மாட்டான். அதனால் அந்த மாதிரி வீடுகளுக்குப் போகும்போது கண்ணாடிக்காரர் குரலைத் தணித்துக்கொள்வார். யார், எப்போது, எப்படி என்று விசாரிக்க மாட்டார். விசாரித்தால் விற்கிறவர் அழுவார். அழுகிறவரிடம் விலை பேச முடியாது.

ஒருநாள் ஓர் அம்மாள் கடைக்கே போன் செய்தாள்.

"பெரிய ரயில் இன்ஜின் நாலு இருக்கு சார். நீங்க வாங்குவீங்கன்னு சொன்னாங்க. இனிமே இங்க யாரும் ஓட்டப்போறதில்ல."

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தபால்காரரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனார். தபால்காரரும் இந்தப் பைத்தியம் பிடித்தவர்தான். ஆனால் அவருக்கு வாங்குவதைவிட விலை பேசுகிற இடத்தில் நின்று பேச்சுக் கொடுப்பதில் ருசி.

மூன்றாம் மாடி வீடு. முன்னறைச் சுவரில், எட்டாத உயரத்தில், சுற்றிலும் பலகை அடித்து அதன்மேல் தண்டவாளம் போட்டிருந்தது. அது ஒருக்களித்திருந்த ஒரு கதவுக்கு மேலே சுவரைத் துளைத்து உள்ளறைக்குள் போயிற்று. சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்து அந்த அம்மாள் நாலு இன்ஜினையும் வரிசையாக வைத்திருந்தாள்.

"பெட்டியெல்லாம் இருக்காம்மா?" என்றார் தபால்காரர்.

"எடம் அடைக்குதுன்னு எப்பவோ போட்டாச்சு சார்."

"போச்சு," என்றார் தபால்காரர், யாரோ செத்த மாதிரி.

கண்ணாடிக்காரர் கடைசியில் இருந்த கறுப்பு இன்ஜினுக்கு முதுகைக் காட்டி நின்று மற்ற மூன்றையும் புரட்டினார். பிறகு அதை எடுத்து மடியில் மல்லாத்தினார்.

அந்த வகை இன்ஜினில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் வயசானால் விரிந்துபோகும், தப்பினது ஒன்றுகூடக் கிடையாது. இதில் அந்த இடத்தில் பித்தளைச் சக்கரம் இருந்தது. கையால் அறுத்து, ஒவ்வொரு பல்லாக அரம் போட்டது. சக்கரங்களைச் சேர்க்கும் தகரத் தண்டுகளைக் கழற்றிவிட்டு எஃகில் புதிதாகச் செய்து மாட்டியிருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அரத்தின் கோடுகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படிந்திருந்தன. உராய்கிற இடத்தில் மட்டும் கண்ணாடிபோல் மெருகு, மற்ற இடத்தில் இல்லை. எங்கே பாடுபட வேண்டும், எங்கே வேண்டாம் என்று தெரிந்த கை. பையிலிருந்த பேட்டரியின் கம்பிகளால் சக்கரத்தைத் தொட்டார். சத்தமே இல்லாமல், நடை பழகுவதுபோல் மெதுவாகத் தண்டுகள் நகர்ந்தன. யாரும் கவனிப்பதற்குள் கம்பியை எடுத்துவிட்டார்.

"இதை மட்டும் குடுக்கலாமா வேண்டாமான்னு இருக்கு," என்றாள் அந்த அம்மாள். "ரொம்ப நாள் உக்காந்து பண்ணினது. பேங்க்ல கேஷ் கவுன்ட்டர்ல வேலை. வீட்டுக்கு வந்ததும் சட்டையக்கூட மாத்தாம அரத்தை எடுத்துடுவார்."

"அதாம்மா சிக்கலே. கை வச்ச இன்ஜின். கம்பெனில வந்தபடியே இருந்தா அதுக்குத் தனி விலை. கை வச்சாச்சுன்னா பாதி விலைக்குக்கூடப் போகாது."

அதுவரை அவர் சொன்னது உண்மை. அவர்கள் சந்தையில் அதுதான் வழக்கம். ஆனால் அந்த அம்மாள் இன்ஜின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. நழுவிப் போய்விடும் என்று அவருக்குப் பட்டது.

"தப்பா நினைக்காதீங்க," என்றார். "இது கை வராதவங்க பண்ற வேலை. பல்லெல்லாம் ஏறுக்கு மாறா இருக்கு. ஆசைப்பட்டிருக்கார், பாவம். நல்லா இருந்த இன்ஜினைக் கெடுத்து வச்சிருக்கார். இத யாரும் எடைக்குத்தான் கேப்பாங்க." அதற்கேற்ற ஒரு விலையையும் சொன்னார்.

"குரங்கு கையில பூமாலை கிடைச்ச மாதிரி," என்று தபால்காரர் தன் பங்குக்கு ஒரு பிடி போட்டார்.

அந்த அம்மாளின் பார்வை உள்ளறைக் கதவுக்குப் போய்த் திரும்பியது. "சரி சார், எடுத்துக்கங்க," என்றாள் அவசரமாக. "நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கங்க. பேச்சு போதும்."

இவ்வளவு சுளுவாகப் படியும் என்று அவர் நினைக்கவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு, செய்தித்தாளில் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது உள்ளே டம்ளர் ஒன்று உருண்டு விழுந்தது.

"வீட்டுக்காரர். தண்ணி கேக்கறார் போல," என்று அந்த அம்மாள் எழுந்து போய்க் கதவை முழுக்கத் திறந்தாள்.

கதவை ஒட்டினாற்போல் சக்கர நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்போலக் கிடந்தது. முகத்தில் ஒரு பாதி தொங்கியிருந்தது. கண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவை கண்ணாடிக்காரரைப் பார்த்தன, பிறகு அவர் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தன.

"வலது பக்கம் விழுந்துடுச்சு. பேச்சும் போயிடுச்சு," என்றாள் அந்த அம்மாள், டம்ளரை எடுத்துக்கொண்டே. "காது நல்லா கேக்கும். வாங்க வர்றவங்க என்ன சொல்றாங்கன்னு கேக்கணும்னு காலையிலேருந்து இங்கயே இருக்கார். கதவை மூடவிடல."

தபால்காரர்தான் முதலில் "வணக்கம் சார்" என்றார். நாற்காலியிலிருந்தவர் இடது கையைக் கொஞ்சம் தூக்கிப் பதில் வணக்கம் சொன்னார்.

படி இறங்கும்போது தபால்காரர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "நமக்கு எப்படித் தெரியும்? ஆள் இருக்கார்னு போர்டா மாட்டியிருக்கு?" பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் தபால்காரர், "குரங்குன்னு வேற சொல்லித் தொலைச்சேன்," என்றார்.

"நீ சொன்னது பழமொழி. நான் சொன்னது பொய்."

வீட்டுக்கு வந்து இன்ஜினைத் தண்டவாளத்தில் வைத்தார். எறும்பு ஊர்கிற வேகத்துக்கு இறக்கியும் அது திணறவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இதுல என்ன குறை?"

"இல்ல."

"இல்லையா? உடம்பு கிடம்பு சரியில்லையா உங்களுக்கு?"

அவர் நடந்ததைச் சொன்னார். அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. கடைசித் துணியையும் மடித்து அடுக்கிவிட்டு, "இதை எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது," என்றாள். "கேக்க வேண்டிய மனுஷன் அங்க இருக்கார்."

ஒரு வாரம் அவர் போகவில்லை. கடையில் லென்ஸை ஓரம் தேய்க்கும்போது, தண்ணீர் சொட்டும் அந்தச் சத்தத்தில், என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். குறை சொல்வதற்கு அவரிடம் ஆயிரம் வார்த்தை இருந்தது. நல்லது சொல்ல நாக்கு புரளவில்லை. அப்புறம் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனார்.

நாற்காலியின் எதிரில் உட்கார்ந்து சொன்னார். அன்றைக்குப் பேசியது விலைக்காகப் பேசியது என்றார். பல்சக்கரத்தைப் பற்றிச் சொன்னார், அரக்கோடுகளைப் பற்றிச் சொன்னார், இப்படியொரு வேலையை வேறெங்கும் பார்த்ததில்லை என்றார். நாற்காலியிலிருந்தவர் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தின் நல்ல பாதியில் ஓர் அசைவும் இல்லை. கண்ணாடிக்காரர் குரல் தழுதழுத்தபோது, பார்க்கச் சங்கடப்பட்டவர்போல் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த அம்மாள் மாடிப்படி வரைக்கும் கூட வந்தாள்.

"நல்ல மனசு சார் உங்களுக்கு. ஆனா அவர் நம்ப மாட்டார்."

"நான் சொன்னது அத்தனையும் நிஜம்மா."

"இருக்கட்டும். அன்னிக்கு அவர் இருக்கறது தெரியாம பேசினீங்க. இன்னிக்கு மூஞ்சியைப் பாத்துப் பேசறீங்க. எது மனசுலேருந்து வந்துச்சுன்னு அவர் என்ன நினைப்பார், நீங்களே சொல்லுங்க."

வீடு போய்ச் சேருவதற்குள் அவர் அந்த வார்த்தையையே பிடித்துக்கொண்டார். தெரியாமல் பேசினால்தான் நம்புவார் என்றால், தெரியாததுபோல் பேசிவிடலாம்.

"எனக்கு நடிப்பெல்லாம் வராதுய்யா," என்றார் தபால்காரர்.

"நடிக்க வேண்டாம். வாயைத் திறக்காம நில்லு, போதும்."

"அதைவிட நடிப்பே சுலபம்."

மீதி மூன்றையும் பார்க்க வருகிறோம் என்று போன் செய்துவிட்டுப் போனார்கள். கதவு அதேபோல் ஒருக்களித்திருந்தது. அந்த அம்மாள் தண்ணீர் கொண்டுவரச் சமையலறைக்குப் போனதும் தபால்காரர், தெருவில் பேர் சொல்லிக் கூப்பிடுகிற குரலில், "ஆகா, என்ன வேலைப்பாடு, என்ன வேலைப்பாடு! அந்தக் கறுப்பு இன்ஜினைப் பாத்தவங்கள்லாம் மூக்குல விரலை வைக்கறாங்க!" என்றார்.

கண்ணாடிக்காரர் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். பச்சை இன்ஜினை எடுத்து மல்லாத்தினார். இதை அன்றைக்கு அவர் சரியாகப் பார்க்கவே இல்லை. இதிலும் அதே கை இருந்தது, ஆனால் இளமையான கை. அரம் சில இடத்தில் வழுக்கியிருந்தது. ஒரு தண்டைச் செய்து, சரிவராமல், பக்கத்திலேயே வேறு துளை போட்டு மாட்டியிருந்தது. அவர் தன்னை மறந்து பேசத் தொடங்கினார்.

"இது முன்னாடி பண்ணினது. இங்க பாரு, தப்பு பண்ணியிருக்கார். மறைக்கல. இந்தத் தப்பு கறுப்புல இல்ல. இதுலேருந்து அதுக்கு வர எவ்வளவு இரும்பை வீணாக்கியிருப்பார். எத்தனை ராத்திரி. கறுப்புல அந்தப் பல்லு ஒவ்வொண்ணும்..."

உள்ளே ரப்பர் சக்கரம் தரையில் உரசியது. வெளியே வருகிறார் என்று நினைத்தார். கதவைப் பார்க்காமல் பேசிக்கொண்டே போனார்.

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. அறைந்து சாத்தவில்லை. தாழ்ப்பாள் ஒருமுறை வழுக்கியது, மறுபடி வழுக்கியது. இடது கை, பழகாத கை. அது விழுகிற வரைக்கும் இரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள்.

அந்த அம்மாள் வந்து, தண்ணீரை வைத்துவிட்டு, கதவைத் தட்டினாள். திறந்ததும் உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது, "மூணையும் எடுத்துட்டுப் போகச் சொல்லிக் கையைக் காட்டறார்," என்றாள்.

"விலை..." என்றார் கண்ணாடிக்காரர், வாய்ப்பழக்கத்தில்.

"காசு வேண்டாமாம். பணத்தை எடுத்துக் காட்டிக் கேட்டேன். கையைத் தள்ளிவிட்டார். ஆயுசு பூரா கவுன்ட்டர்ல உக்காந்தவர் சார். செல்லாததுக்குக் காசு வாங்க மாட்டார்."

"இது செல்லாதது இல்லம்மா."

"எனக்குத் தெரியும் சார்." ஒரு துண்டை எடுத்து இன்ஜின்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். சக்கரங்களுக்கு நடுவில் விரலை விட்டுத் தூசியை எடுத்தாள். "எனக்குத் தெரிஞ்சு என்ன. எடுத்துட்டுப் போங்க. இருந்தா தினமும் அவர் கண்ணுல படும்."

அவர்கள் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். பஸ் நிறுத்தத்துப் பலகையில் உட்கார்ந்து, பச்சை இன்ஜினை அவர் மடியில் வைத்துக்கொண்டார், மற்ற இரண்டையும் தபால்காரர் வைத்துக்கொண்டார்.

"நான்தான் கத்திக் கெடுத்துட்டேனோ?" என்றார் தபால்காரர்.

கண்ணாடிக்காரர் தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று. பஸ் வந்தது. கூட்டமாக இருந்தது. இவற்றோடு ஏற முடியாது என்று விட்டார்கள். அடுத்ததில் இடமிருந்தது. அதற்கும் இருவரும் எழுந்திருக்கவில்லை.