ஏழாம் மேசையின் டிப்ஸ்

"எனக்கு டிப்ஸ் வைக்கலையே நீங்க" என்று ஏழாம் மேசையில் இருந்தவர்களிடம் நேராகவே கேட்டுவிட்டேன்.

வேலையில் சேர்ந்த அன்று மேனேஜர் டுவைட் சொன்ன முதல் விதியே இதுதான்: தட்டை உடைத்தால்கூட மன்னிப்பு உண்டு, டிப்ஸை வாய்விட்டுக் கேட்டால் கிடையாது. அமெரிக்காவின் இந்தச் சவானா ஆற்றங்கரையில் எந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும் இதே கதைதான். சிரித்துக்கொண்டே பில்லை வைக்க வேண்டும், சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட வேண்டும்.

அவர்கள் பின்லாந்திலிருந்து சுற்றிப்பார்க்க வந்த தம்பதி. அந்த அம்மா பெயர் ஐலா, பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மதியம் முழுக்க உட்கார்ந்து இறாலும் நண்டும் சாப்பிட்டார்கள். படித்திருக்கிறாயா என்று ஐலா என்னைக் கேட்டார். உயிரியல் பட்டதாரி, எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான், அம்மா மோட்டல் அறைகளைக் கூட்டித் துடைக்கிறாள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். எழுந்து நின்று கை குலுக்கினார். பில் தொகையைச் சென்ட் பிசகாமல் வைத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தார்.

நான் கேட்டதும் அவர் முகம் சிவந்துவிட்டது.

"நீ படிச்ச பொண்ணும்மா. உன் கையில சில்லறைய வச்சா கேவலப்படுத்தின மாதிரி ஆகாதா? எங்க ஊர்ல அப்படித்தான். முதலாளி உனக்குச் சம்பளம் தர்றார்ல?"

"மணிக்கு ரெண்டு டாலர் பதிமூணு சென்ட் தர்றாருங்க. மீதியெல்லாம் டிப்ஸ்லதான் வரணும்."

அவர் கணவர் நான் கேலி செய்வதாக நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார். மீதியையும் சொன்னேன். ஒவ்வொரு மேசையின் பில் தொகைக்கும் ஏற்ப ஒரு பங்கை, என் டிப்ஸிலிருந்து பாரில் நிற்பவருக்கும் தட்டு எடுப்பவர்களுக்கும் நான்தான் கொடுக்க வேண்டும். டிப்ஸ் வராத மேசைக்கும் கொடுக்க வேண்டும். அதாவது அவர்கள் தின்ற நண்டுக்கு என் கையிலிருந்தும் காசு போகிறது.

ஐலா பையைத் திறந்து இரண்டு இருபது டாலர் நோட்டுகளை மேசையில் வைத்தார். பிச்சை போடுகிற முகம் இல்லை அது. கடனைத் தீர்க்கிற முகம்.

அதற்குள் டுவைட் வந்துவிட்டார். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். புது ஆள், நடைமுறை தெரியாது, மன்னிக்க வேண்டும் என்று குழைந்தார். நான் அங்கே சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. பிறகு அந்த நோட்டுகளை எடுத்து ஐலாவின் கையிலேயே திணித்தார். எங்கள் கடையில் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை, இணையத்தில் நல்லபடியாக நாலு வரி எழுதினால் போதும் என்றார்.

"அது என் காசு டுவைட்."

"வெர்னா, வாய மூடு. மொதல்ல இவங்ககிட்ட மன்னிப்புக் கேளு."

"சரி, கேக்குறேன். இந்த மேசைக்கு நான் கொடுக்கவேண்டிய பங்க மட்டும் தள்ளிடுங்க."

"ரூல்னா ரூல்தான். அத எப்படித் தள்ள முடியும்? டிகிரி வாங்கியிருக்க, இதுகூடப் புரியலயா?"

அவர் அந்த நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்த நொடியிலேயே எனக்கு முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு பேசியதெல்லாம் உறுதிப்படுத்திக்கொள்ளத்தான்.

ஐலா நடுவில் புகுந்து ஏதோ சொல்ல வந்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. ஏப்ரனை அவிழ்த்து மடித்து, அவர்கள் காலி செய்திருந்த தட்டுகளுக்கு மேலேயே வைத்தேன்.

"ராத்திரி கூட்டத்துக்கு ஆள் இல்ல. இப்பப் போனா திரும்ப உள்ள விடமாட்டேன்" என்றார் டுவைட், குரலைத் தாழ்த்தி.

"நீங்களே பரிமாறுங்க. நல்லாச் சிரிக்க வருது உங்களுக்கு."

வேலைக்காரர்கள் பின்பக்கம், குப்பைத் தொட்டி ஓரமாகத்தான் வந்து போக வேண்டும். நான் மேசைகளுக்கு நடுவே நடந்து, முன்வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.