உட்கார்ந்து தூங்கும் செண்பகம்

குப்பாயிக்கு ஐந்து வருஷமாக ஒரே ஒரு ஆசைதான். ஒரு ராத்திரி, முழுசாக ஒரே ஒரு ராத்திரி, தூங்க வேண்டும். மகள் செண்பகம் விட்டால்தானே!

எழுபத்திரண்டாம் வருஷத்துப் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் செண்பகத்தைத் தெரியாதவர் இல்லை. மேல்நோக்கிச் சாய்ந்த சின்னக் கண், தட்டை மூக்கு, வாய்கொள்ளாச் சிரிப்பு. "பொறவியிலயே இப்பிடி. எல்லாம் கொஞ்சம் லேட்டா வரும்" என்று பொன்னேரி டாக்டர் சொல்லியிருந்தார். டவுன் சிண்ட்ரோம் என்ற பெயரெல்லாம் அப்போது குப்பத்துக்கு வரவில்லை. மற்றதெல்லாம் லேட்டாக வரட்டும், தூக்கம் ஏன் வரவேயில்லை என்பதுதான் குப்பாயியின் கேள்வி.

படுக்கப் போட்டால் குறட்டை, அதுவும் லாரி மேடேறுகிற குறட்டை. நடுவில் டக்கென்று நின்றுவிடும். குப்பாயிக்கு உயிரே போய்விடும். அப்புறம் ஒரு திணறல், ஒரு இழுப்பு. பிள்ளை எழுந்து சம்மணம் போட்டு, அப்படியே முன்னால் மடிந்து, நெற்றியைக் காலில் வைத்துத் தூங்கும். குப்பாயி பதறிப்போய் மறுபடி படுக்க வைப்பாள். பின்னே? செத்தவரை உட்கார வைத்து எடுக்கிற வழக்கம் அவர்களுடையது. பெற்ற பிள்ளை அப்படித் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பாளா? மூன்றாம் தடவை படுக்க வைத்தால் மகாராணிக்குத் தூக்கம் கலைந்துவிடும். கோழிக்கூடையைத் திறந்துவிட்டுக் கைதட்டுவாள். பகலிலோ சோற்றுத்தட்டில் சாய்வாள். வரவர உதடு வேறு நீலம் பாரித்தது.

"உனுக்கு வளக்கத் தெரியல. இன்னிக்கி நான் பாத்துக்கறேன்" என்று நாத்தனார் கோவிந்தம்மா வந்து இறங்கினாள். அக்காவைக் கண்டதும் குப்பாயியின் புருஷன் லோகநாதன் வலையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குத் தப்பித்தான். கோவிந்தம்மா தன் முந்தானை முனையைக் குழந்தையின் கையில் முடிந்தாள். "எழுந்தா எனுக்குத் தெரிஞ்சிடும்."

நடுராத்திரி ஒரு அலறல். "ஐயோ, எவனோ என்னை இழுத்துக்கினு போறான்!"

குப்பாயி விளக்கைத் தூக்கினாள். செண்பகம் முடிச்சைக் கையிலிருந்து உருவி, வீட்டுக்குள் படுத்திருந்த ஆட்டின் கொம்பில் மாட்டிவிட்டிருந்தாள். ஆடு வாசலுக்குப் போக, கோவிந்தம்மா முட்டிபோட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள். குப்பாயி சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! அப்போதுதான் வீடு அமைதியாயிருப்பது உறைத்தது. மூலையில் செண்பகம் மடிந்து உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். குறட்டை இல்லை. மூச்சு நிற்கவேயில்லை. குப்பாயி குந்திக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"பொணமாட்டம் குந்திக்கினு கீதே! படுக்க வைடி!" என்று கோவிந்தம்மா மூச்சிரைக்க வந்தாள்.

"நீயே படுக்க வை அண்ணி. மூக்காண்ட கைய வெச்சிக்கினே வை."

படுக்க வைத்தாள். குறட்டை எழுந்தது, நின்றது. மூக்கருகே வைத்த கை அப்படியே இருந்தது.

"குப்பாயி, மூச்சே வரலடி!" கோவிந்தம்மா பிள்ளையை வாரி எடுத்து உட்கார வைத்தாள். ஒரு இழுப்பு, மூச்சு வந்தது. கண்ணைத் திறக்காமலே செண்பகம் மடிந்துகொண்டாள்.

குப்பாயிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "இத்தினி நாளா நாந்தான் அண்ணி தெனமும் படுக்க வெச்சேன்."

"சும்மா கெட. குந்திக்கினே தூங்கட்டும். நீ போய்ப் படு, நான் முழிச்சிக்கினு கீறேன்."

விடிந்து லோகநாதன் மீனோடு வந்தபோது குப்பாயியின் குறட்டை வாசல்வரை கேட்டது. பக்கத்தில் செண்பகம் இரண்டு கையாலும் அம்மாவின் தோளைப் பிடித்து, அவளை உட்கார வைக்க மும்முரமாக இழுத்துக்கொண்டிருந்தாள்.