மெத்தையில் ஒரு குடும்பம்

பூங்கோதையின் மெத்தையில் குடியிருந்த தூசிப்பூச்சிகள் அவளை அண்ணி என்றுதான் கூப்பிடும். கல்யாணத்துக்கு வாங்கிய இலவம்பஞ்சு மெத்தை அது. அவள் உடம்பிலிருந்தும் கணவன் மருதவாணன் உடம்பிலிருந்தும் உதிர்ந்த தோல்தூளைத் தின்று அங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பம். கண்ணுக்குத் தெரியாது. குரல் மட்டும் கேட்கும்.

ஆடி மாதத்திலிருந்து பூங்கோதைக்கு விடாத தும்மல். கண் அரித்தது. மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் விசில் கேட்டது.

"மெத்தைப் பூச்சிதான் ஒத்துக்கலை," என்றார் டாக்டர். "பூச்சியைக்கூடச் சொல்லக்கூடாது, அதோட கழிவுதான். மெத்தையை நல்ல வெயில்ல போட்டு அடிங்க."

மருதவாணன் மெத்தையைச் சுருட்ட வந்தான். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணி, மொட்டை மாடி வெயில் எங்களுக்குத் தாங்காது."

"எனக்கு மூச்சு முட்டுதே, நான் என்ன பண்ணட்டும்?" என்றாள் பூங்கோதை.

"தெரியும் அண்ணி. நீங்க தும்மும்போதெல்லாம் எங்க ஆளுங்க சுவத்துல போய் விழறாங்க. நாங்க ஒரு வார்த்தை சொன்னதில்லை."

அவளுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. மெத்தையை மறுபடி விரிக்கச் சொல்லிவிட்டு, பாயை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் படுக்கப் போனாள். மூச்சு சீரானது. ஆனால் மெத்தையில் அவள் பக்கத்துப் பூச்சிகள் இளைக்க ஆரம்பித்தன. அண்ணனுடைய தோல்தூள் கரிக்கிறது என்றன. மனசு கேட்காமல், தினமும் குளிக்கப் போகுமுன் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து, பீர்க்கங்காய் நாரால் முழங்கையைத் தேய்த்து மெத்தைமேல் உதிர்த்துவிட்டுப் போனாள்.

"நீ இல்லாம தூக்கமே வர மாட்டேங்குது," என்றான் மருதவாணன் ஒரு நாள்.

"எங்களுக்கும்தான்," என்றன பூச்சிகள்.

அவள் துண்டை அவிழ்க்காமலே கட்டில் ஓரமாக நின்றாள். டாக்டர் கழிவென்று சொன்ன பேச்சை எப்படி எடுப்பதென்று தெரியவில்லை. வீட்டு ஆட்களிடம் பேசுகிற பேச்சா அது?

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அதுக்கு மட்டும்... வெளியில போய்ட்டு வரலாமே."

மெத்தைக்குள் கொஞ்ச நேரம் கசமுசாவென்று பேச்சு.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே அண்ணி. வெளியில எங்கே இருக்கு?"

எங்கேயும் இல்லை. மருதவாணன் அன்றைக்கு லீவு போட்டான். காலித் தீப்பெட்டிகளை வெட்டி ஒட்டி, கட்டில் காலடியில் கட்டிக் கொடுத்தான். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. ஏறி இறங்க நூல் தொங்கவிட்டான். பூச்சிகள் தலையணைக்கு மாறிக்கொள்ள, பூங்கோதை மெத்தை உறையை வெந்நீரில் அலசிப் போட்டாள்.

உறை காய்ந்ததும் அவள் மெத்தைக்குத் திரும்பினாள். படுத்து, மூச்சை இழுத்துப் பார்த்தாள். மருதவாணனும் பூச்சிகளும் காத்திருந்தார்கள். தும்மல் வரவில்லை. அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுச் சோபாவிலிருந்து பூச்சிகள் பெண் பார்க்க வந்தன. பூங்கோதை கைக்குட்டையை விரித்து உட்காரச் சொன்னாள். மருதவாணன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, மாப்பிள்ளைக்கு வசதி எப்படி என்று விசாரித்தான்.

"இடது கைப்பிடி முழுக்க அவன் பேர்லதான் இருக்கு," என்றார் பையனின் அப்பா.

பெண்ணை அழைத்துவரப் பூங்கோதை எழுந்தாள்.