பிரித்தவளுக்குக் கடைசிப் பங்கு

டிராகன் செத்துவிட்டது. அதன் வாய்க்கும் மற்ற இருவருக்கும் நடுவே போய் நின்ற பிம்மும் செத்துவிட்டான்.

பிம் என் ஆள். காகிதத்தில் நான் உருவாக்கிய குள்ளத் திருடன். சனிக்கிழமைகளில் மார்லிஸ் வீட்டு நிலவறையில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடுவோம். மார்லிஸ் கதை சொல்வாள்; நாங்கள் பகடை உருட்டி, அவரவர் ஆளாகப் பேசுவோம். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் வெளியாட்களிடம் பேசியதெல்லாம் பிம்மின் வாயால்தான். அவன் வம்பிழுப்பான், பேரம் பேசுவான். நான் தலையைக் குனிந்துகொண்டிருப்பேன்.

மார்லிஸ் புதையலைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி மேசையில் பரப்பினாள். தீ வாள். பறக்கும் காலணி. காயம் ஆற்றும் கேடயம். ஒரு பெட்டி தங்கம். கடைசியாக, இறந்தவனை எழுப்பும் மந்திரச் சுருள்.

அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாளும் சுருளும் எனக்கு," என்றான் டுவேன். மார்லிஸின் தம்பி, அவன் ஆள் போர்வீரன். "நாளைக்கு நான் செத்தா யாரு எழுப்புவா?"

"நான் படிச்சாத்தான்டா அது வேலை செய்யும்," என்றாள் ரோக்ஸான். அவள் ஆள் மதகுரு. "ரெண்டும் வேணுமாம். அது என்ன வயிறா, சாக்கா?"

"காரினுக்குக் கிடையாது," என்று டுவேன் என்னைக் காட்டினான். "செத்தவங்களுக்குப் பங்கில்லன்னு நாமதான விதி வச்சோம்."

பீட்சா ஆறிப்போகும் வரை சண்டை. மார்லிஸ் சீட்டுகளை வாரி என் பக்கம் தள்ளினாள். "காரின் பிரிக்கட்டும். அவ ஆளுதான் போயிட்டானே, எந்தப் பக்கமும் சாய மாட்டா."

பீட்சா அட்டையைப் பார்த்தேன். அந்த வீட்டில் பீட்சாவை வெட்டுகிறவர் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். இன்று நான் வெட்டினேன். ஓரம் கருகிய துண்டு எனக்கு வந்தது.

வாளோடு தங்கத்தை வைத்தேன். காலணியோடு கேடயத்தை. சுருளைத் தனியாக.

"எண்ணத் தெரியாதா உனக்கு? ரெண்டு பேருதான் இருக்கோம்," என்றான் டுவேன்.

பதில் சொல்ல பிம் இல்லை. என் குரலே வந்தது, மெலிசாக. "பிரிச்சவங்க கடைசியா எடுக்கணும். பீட்சா மாதிரி."

"பிம்முக்குப் பங்கில்லன்னு சொன்னேன்ல."

"பிம்முக்கு வேண்டாம். பிரிச்சது நான்."

மார்லிஸ் சிரித்துவிட்டாள். "உன் பேராசைக்காகத்தான்டா அம்மா அந்த விதியப் போட்டாங்க. செல்லும். உருட்டுங்க."

டுவேனுக்கே பெரிய எண் விழுந்தது; முதலில் எடுப்பது அவன். அவன் கை நேராகச் சுருளுக்கு மேல் வந்து நின்றது. அவன் என்னைப் பார்த்தான்.

"தங்கம் மொத்தமும் வாளோடயா?"

"மொத்தமும்."

கை நகர்ந்தது. அவன் வாளை எடுப்பதற்குள் ரோக்ஸான் காலணியைப் பிடுங்கிக்கொண்டாள். இலையுதிர் காலத்திலிருந்தே அவளுக்குப் பறக்க ஆசை.

சுருள் மேசையில் கிடந்தது. எடுத்து ரோக்ஸானிடம் நீட்டினேன்.

"படிக்கறேன். ஆனா எழுந்ததும் என் கயித்தத் திருப்பித் தரச் சொல்லு அந்தத் திருட்டுப்பயல."

அவள் படித்தாள். மார்லிஸ் குரலைத் தாழ்த்தினாள். "பிம் கண்ணத் தொறக்கறான். சுத்தி ஒரே சாம்பல். என்ன சொல்றான்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை நிமிர்த்தினேன்.

"பெட்டி ரொம்ப கனமா, டுவேன்? மெதுவா தூக்கிட்டு வா. நான் முன்னால போறேன்."